நோய் வருமுன் மனத்தைக் காக்க முடியுமா?

சென்ற இதழில் மனச்சோர்வுக்கான மருந்துகளைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை மருந்தைப் பற்றிக் கேட்கவில்லை. 'இந்த நோய் எங்கள் வீட்டுப் படியேறாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?' என்றே ஏதேனும் ஒரு வகையில் கேட்டிருந்தன. போலியோவுக்கு இருப்பது போன்ற சொட்டு மருந்து மனநோய்க்கு இல்லை. ஆகவே இக்கேள்விக்கு ஒற்றை வரியில் விடை கூற இயலாது. இந்த மாதப் பக்கங்களை முழுவதும் அதற்கே ஒதுக்கியிருக்கிறேன். எழுதியவர்கள் இன்னார் என்று தெரியாதபடி பெயரையும் ஊரையும் நீக்கிவிட்டேன்.

கேள்வி: என் தம்பிக்கு மனச்சிதைவு நோய். இருபத்தோரு வயதில் தொடங்கியது. பதினெட்டு ஆண்டுகளாக மாத்திரை சாப்பிடுகிறான். என் மகனுக்கு இப்போது பதினாறு வயது. அவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு படித்தால்கூட எனக்கு நெஞ்சு படபடக்கிறது. தாய்மாமனுக்கு இருப்பது மருமகனுக்கும் வரும் என்று உறவினர்கள் பேசுகிறார்கள். வராமல் தடுக்க வழி உண்டா டாக்டர்?

பதில்: முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம் அம்மா. இல்லாத குரல்கள் கேட்பதும் பொய்யான ஐயங்களை உண்மையென்று நம்புவதுமான மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) பொதுமக்களில் நூறு பேருக்கு ஏறத்தாழ ஒருவரை வாழ்நாளில் ஏதேனும் ஒரு கட்டத்தில் பாதிக்கிறது. தாய்மாமனுக்கோ சித்தப்பாவுக்கோ அந்நோய் இருக்கும் பிள்ளைகளில் நூற்றுக்கு மூன்று அல்லது நான்கு பேருக்கு அது வரலாம். அதாவது உங்கள் மகனைப் போன்ற நூறு பிள்ளைகளில் தொண்ணூற்றாறு பேருக்கு அது வருவதே இல்லை. ஒரே கருவிலிருந்து பிறந்த, மரபணுவில் வேற்றுமையே இல்லாத இரட்டையர்களில்கூட ஒருவருக்கு இந்நோய் வந்தால் மற்றவருக்கும் வருவது பாதிக்குப் பாதி அல்லது அதற்கும் குறைவு. பரம்பரை என்பது ஒரு சாய்வு; தலையெழுத்து அன்று.

அந்தச் சாய்வை நம்மால் மாற்ற முடியாது. ஆனால் அதன்மீது ஏறும் பாரங்களைக் குறைக்கலாம். அவற்றுள் எனக்கு மிகுந்த கவலை தருவது கஞ்சா. சுவீடனில் கட்டாய ராணுவச் சேவைக்கு வந்த 45,000க்கும் மேற்பட்ட இளைஞர்களைப் பதினைந்து ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 1987இல் வெளியான ஆய்வு, சேவையில் சேர்வதற்கு முன்பே ஐம்பது முறைக்கு மேல் கஞ்சா பயன்படுத்தியிருந்தவர்களிடம் இந்நோய், பயன்படுத்தாதவர்களைவிட ஆறு மடங்கு மிகுதியாகக் காணப்பட்டதை எடுத்துக்காட்டியது. அதற்குப் பின் வந்த ஆய்வுகளும் அதே திசையைத்தான் காட்டுகின்றன. கஞ்சா புகைத்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை என்பதும் உண்மைதான். ஆனால் குடும்பத்தில் ஏற்கெனவே இந்நோய் இருக்கும் ஒரு பிள்ளைக்கு, அதுவும் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கும் வயதில், அது ஒரு சூதாட்டம். 'கெட்ட பழக்கம், தொடாதே' என்று மொட்டையாகச் சொல்வதைவிட, 'மாமாவுக்கு இப்படி ஒரு நோய் இருக்கிறது, ஆகையால் உன் நண்பர்களுக்கு ஒன்றும் செய்யாத பொருள்கூட உனக்குத் தீங்கு செய்யலாம்' என்று காரணத்தோடு சொல்லுங்கள். பதினாறு வயதுப் பிள்ளை காரணத்தை மதிப்பான்.

அடுத்தது, அடையாளங்களை அறிந்துவைத்திருப்பது. கதவைச் சாத்திக்கொண்டு படிப்பது நோயின் அறிகுறி அன்று. அது பதினாறு வயதின் அறிகுறி. மாறாக, நன்றாகப் படித்தவன் சில மாதங்களாகப் புத்தகத்தையே தொடாதிருப்பது, இரவெல்லாம் விழித்துப் பகலெல்லாம் படுத்திருப்பது, குளிப்பதையும் உடை மாற்றுவதையும் விட்டுவிடுவது, எதிர்வீட்டார் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்று உறுதியாக நம்புவது, தனியே முணுமுணுப்பது ஆகியவை ஒன்றோடொன்று சேர்ந்து வந்தால் காத்திருக்காதீர்கள். சிகிச்சை எவ்வளவு விரைவாகத் தொடங்குகிறதோ அவ்வளவுக்கு நோயின் போக்கு மென்மையாக இருக்கும். 'ஏழரைச் சனி முடியட்டும்' என்று கழித்த இரண்டு ஆண்டுகளுக்காகப் பின்னர் வருந்திய பெற்றோரை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. உங்கள் தம்பியை மகனிடமிருந்து மறைத்து வைக்காதீர்கள். பதினெட்டு ஆண்டுகள் தவறாமல் மாத்திரை சாப்பிடுவது சாதாரணமான காரியம் அல்ல. அந்த மாமாவோடு உட்கார்ந்து பேசும் பிள்ளைக்கு, நாளை தன் மனத்தில் ஏதேனும் குழப்பம் நேர்ந்தால் அதை வீட்டில் சொல்லலாம் என்ற துணிவு இருக்கும். அந்தத் துணிவு எந்த மருந்துக்கும் குறைந்ததன்று.

கேள்வி: ஒரு புகழ்பெற்ற பேச்சாளர், நேர்மறை எண்ணங்களை வளர்த்துக்கொண்டால் மனநோய் அண்டவே அண்டாது என்கிறார். இது சரியா?

பதில்: சரியன்று. நம்பிக்கையோடு வாழ்வது நல்லது என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் கூற்றைத் திருப்பிப் பார்த்தால், நோய் வந்தவர் நல்ல எண்ணம் இல்லாதவர் என்று ஆகிவிடும். நோயுற்ற ஒருவர் ஏற்கெனவே தன்னைத் தானே குறை கூறிக்கொண்டு வருந்துபவர். அவர் தலையில் இந்தப் பழியையும் ஏற்றுவதால் அவர் மருத்துவரிடம் வருவது இன்னும் ஓராண்டு தள்ளிப்போகும். சர்க்கரை நோய்க்காரரிடம் கணையத்தைப் பற்றி நல்லவிதமாக நினையுங்கள் என்று யாரும் சொல்வதில்லை.

கேள்வி: நான் ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியின் ஆசிரியர். மாணவர்களின் மனநலத்துக்காக நாள்தோறும் காலையில் பதினைந்து நிமிடம் தியான வகுப்பு நடத்தப் பள்ளி நிர்வாகம் முடிவு செய்திருக்கிறது. அதை நடத்தும் பொறுப்பு எனக்கு. இதனால் பயன் இருக்குமா? வேறென்ன செய்யலாம்?

பதில்: அமைதியாகப் பதினைந்து நிமிடம் உட்கார்வதில் தவறேதும் இல்லை. ஆனால் அதை மனநோய்த் தடுப்பு என்று எண்ணி, அதோடு கடமை முடிந்தது என்று நிர்வாகம் கருதிவிடுமோ என்பதுதான் என் அச்சம். பிரிட்டனில் இதே கேள்வியை மிகப் பெரிய அளவில் ஆராய்ந்தார்கள். எண்பதுக்கும் மேற்பட்ட பள்ளிகளில் 8,000க்கும் மேற்பட்ட வளரிளம் பருவ மாணவர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு ஆசிரியர்கள் வழியாகத் தியான முறையிலான மனப்பயிற்சியும் மற்றப் பிரிவினருக்கு வழக்கமான வாழ்க்கைத் திறன் பாடமும் அளித்தார்கள். 2022இல் முடிவு வெளியானபோது இரண்டு பிரிவினருக்கும் இடையே மனச்சோர்வில் வேறுபாடு எதுவும் தெரியவில்லை. பெரும்பாலான மாணவர்கள் வகுப்புக்கு வெளியே அப்பயிற்சியைச் செய்யவே இல்லை. கட்டாயப்படுத்திக் கண்ணை மூடச் செய்த பிள்ளை உள்ளுக்குள் என்ன செய்கிறான் என்பதை யார் அறிவார்?

இதற்கு நேர்மாறான ஒரு சான்று நம் நாட்டிலேயே, பீகார் மாநிலம் நாளந்தா மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே எழுபதுக்கும் மேற்பட்ட அரசு உயர்நிலைப் பள்ளிகளில் நடத்தப்பட்டு 2018இல் வெளியான ஆய்வில், தனி ஒரு மாணவனின் மனத்தைப் பயிற்றுவிப்பதற்குப் பதிலாகப் பள்ளியின் சூழலையே மாற்ற முயன்றார்கள். மாணவர்களே எழுதும் சுவர் இதழ், குறைகளையும் கேள்விகளையும் பெயரின்றி எழுதிப் போடும் பெட்டி, காலை வழிபாட்டுக் கூட்டத்தில் ஒரு பொருள் குறித்த பேச்சு, மாணவர் குழுக்கள், தேவைப்படுவோருக்குத் தனியே பேசும் வாய்ப்பு ஆகியவையே அத்திட்டத்தின் உறுப்புகள். சில பள்ளிகளில் இதை நடத்தியவர்கள் அங்குள்ள ஆசிரியர்கள். வேறு சிலவற்றில் இதற்கென்றே பயிற்சியளித்து அமர்த்தப்பட்ட, மருத்துவப் பட்டம் எதுவும் இல்லாத ஆலோசகர்கள். ஆலோசகர்கள் நடத்திய பள்ளிகளில் மாணவர்களின் மனச்சோர்வும், ஒருவரையொருவர் சீண்டிக் கொடுமைப்படுத்துவதும், வன்முறையும் தெளிவாகக் குறைந்தன. ஆசிரியர்கள் நடத்திய பள்ளிகளில் அத்தகைய பயன் கிட்டவில்லை.

ஆசிரியராகிய உங்களிடம் இதைச் சொல்வதற்குத் தயக்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது ஆசிரியர்களின் குறை அன்று என்பதே என் கருத்து. பாடம், தேர்வு, பதிவேடு, தேர்தல் பணி என்று ஏற்கெனவே நிறைந்த ஒருவர் கையில் இதையும் கொடுத்தால் அது கடைசி வேலையாகத்தான் நடக்கும். அத்தோடு, மதிப்பெண் போடும் கையிடம் மனத்தைத் திறந்து காட்ட எந்த மாணவனும் எளிதில் முன்வருவதில்லை. ஆகவே முடிந்தால் நிர்வாகத்திடம் பேசி, பகுதி நேரமாகவேனும் ஓர் ஆலோசகரை அமர்த்தச் சொல்லுங்கள்.

அது கைகூடும் வரை நீங்கள் ஒருவராகவே செய்யக்கூடியவையும் உண்டு. தேர்வு மதிப்பெண்ணை வகுப்பில் உரக்கப் படிப்பதை நிறுத்துங்கள். பொதுத்தேர்வில் மாநில, மாவட்ட முதலிடங்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வித் துறையே 2017இல் கைவிட்டது. ஆனால் பள்ளி வாசலில் படத்தோடு பதாகை வைக்கும் வழக்கம் பல ஊர்களில் இன்னும் போகவில்லை. ஒரு பாடத்தில் தோற்றவர்கள் ஓராண்டை இழக்காமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதலாம் என்பதைத் தேர்வு முடிவு வரும் நாளில் அல்ல, தேர்வு தொடங்கும் முன்பே ஒவ்வொரு மாணவருக்கும் பெற்றோருக்கும் தெரியப்படுத்துங்கள். தோல்வியைத் தாண்டி ஒரு கதவு இருக்கிறது என்று முன்கூட்டியே அறிந்திருக்கும் பிள்ளை, அந்த ஒரு நாளைக் கடந்துவிடுவான். சாதி அடையாளமாக மணிக்கட்டில் கட்டியிருக்கும் கயிற்றின் நிறத்தைப் பார்த்து யாரோடு யார் சாப்பிடுவது என்று முடிவாகும் பள்ளியில் காலைத் தியானத்தால் யாருக்கும் அமைதி வராது; அதைக் கண்டும் காணாமல் விடாதீர்கள்.

கேள்வி: 'மனநலம் என்பது மனநோய் இல்லாமை மட்டும் அன்று' என்று முன்பொருமுறை எழுதினீர்கள். எனக்கு விளங்கவில்லை. நோய் இல்லையென்றால் நலம்தானே?

பதில்: 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்புச் சட்டமே உடல், மனம், சமூகம் ஆகிய மூன்றிலும் நிறைவான நிலையைத்தான் நலம் என்கிறது, நோயின்மை மட்டும் போதாது என்று வெளிப்படையாகவே சொல்கிறது. எனக்குத் தெரிந்த இருவரைக் கொண்டு விளக்குகிறேன். ஒருவருக்கு, மிகையான உற்சாகமும் கடும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய் இருக்கிறது. மருந்தை விடாமல் எடுத்துக்கொள்கிறார், தறி ஓட்டுகிறார், மகளின் பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குப் போகிறார், தெருவில் ஒருவருக்குச் சிக்கல் என்றால் முதலில் போய் நிற்கிறார். மற்றவருக்கு எந்த மருத்துவரும் எந்த நோயின் பெயரையும் எழுதித் தர முடியாது. ஆனால் காலையில் எழுவதற்குக் காரணம் எதுவும் அவருக்கு இல்லை, பேச ஆளும் இல்லை. முதலாமவருக்கு நோயோடு கூடிய நலம். இரண்டாமவருக்கு நோயும் இல்லை, நலமும் இல்லை. இரண்டாமவரை நோக்கிச் செய்ய வேண்டியது நலத்தை வளர்ப்பது. மருத்துவமனையைவிட நூலகமும் விளையாட்டுத் திடலும் மகளிர் குழுவும் அதைச் சிறப்பாகச் செய்யும்.

கேள்வி: என் மகளுக்கு முதல் குழந்தை பிறந்த பிறகு ஆறு மாதம் வரை ஓயாத அழுகை. குழந்தையைத் தூக்கவே மாட்டாள். 'பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும்' என்று நாங்களும் விட்டுவிட்டோம். பிறகுதான் அது ஒரு நோய் என்று தெரிந்தது. இப்போது இரண்டாவது குழந்தை, ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்து எங்கள் வீட்டுக்கு வருகிறாள். இந்தமுறை அப்படி நேராமல் பார்த்துக்கொள்ள விரும்புகிறேன்.

பதில்: தடுப்பு என்ற சொல்லுக்கு முழுப் பொருள் இருக்கும் இடம் இதுதான். யாருக்கு வரக்கூடும் என்பது முன்கூட்டியே தெரிகிறது. எப்போது வரக்கூடும் என்பதும் தெரிகிறது. கையில் இரண்டு மூன்று மாதங்களும் இருக்கின்றன.

முதலில் ஒரு வேறுபாட்டை அறிந்துகொள்ளுங்கள். பிரசவமான மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை காரணமின்றிக் கண்ணீர் வருவதும் எரிச்சல் உண்டாவதும் பெரும்பாலான தாய்மாருக்கு நேர்வது. இரண்டு வாரத்துக்குள் தானாகவே அடங்கிவிடும். அதைத் தாண்டியும் சோர்வு நீடித்தால், குழந்தை உறங்கும்போதும் தாய்க்கு உறக்கம் வராவிட்டால், 'நான் தாயாக இருக்கத் தகுதியற்றவள்' என்ற பேச்சு வந்தால், அது மனச்சோர்வு நோய். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் மட்டும் நேரும் மூன்றாவது வகையும் உண்டு. முதல் சில நாட்களிலேயே உறக்கமின்மை, தொடர்பற்ற பேச்சு, குழந்தையைப் பற்றிய விபரீதமான நம்பிக்கைகள் ஆகியவை திடீரென்று தோன்றினால், அது இதயவலிக்கு இணையான அவசரம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். தாயையும் குழந்தையையும் ஒரு நிமிடமும் தனியே விடக் கூடாது.

முன்பு ஒருமுறை மனச்சோர்வு வந்தவருக்கு மறுமுறையும் வரும் வாய்ப்பு கூடுதல். ஆகவே மகள் உங்கள் வீட்டுக்கு வந்தவுடன், குழந்தை பிறக்கும் வரை காத்திராமல், மகப்பேறு மருத்துவரிடம் பழைய வரலாற்றைச் சொல்லி மனநல மருத்துவரையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஏற்கெனவே மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தால் கர்ப்பம் என்ற காரணத்தால் நீங்களாகவே நிறுத்திவிட வேண்டாம். கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் பயன்படுத்தக்கூடிய மருந்துகள் இருக்கின்றன. பேச்சுவழிச் சிகிச்சையும் இக்காலத்தில் நன்கு பயன் தருகிறது. பாகிஸ்தானின் ராவல்பிண்டியை அடுத்த கிராமங்களில் மனச்சோர்வுக்கு உள்ளாகியிருந்த கர்ப்பிணிகளை, பத்து வகுப்போ அதற்குச் சற்று மேலோ படித்த ஊர்ச் சுகாதாரப் பெண் ஊழியர்கள் எளிய பயிற்சி பெற்று வீடு தேடிப் போய்ப் பேசிப் பார்த்தார்கள். குழந்தைக்கு ஆறு மாதமானபோது, வழக்கமான சந்திப்பு மட்டும் கிடைத்த தாய்மாரில் 53 சதவீதம் பேர் மனச்சோர்வோடு இருந்தார்கள். பயிற்சி பெற்றவர்கள் பேசிய தாய்மாரில் அது 23 சதவீதம். 2008இல் வெளியான இந்த முறையைப் பின்னர் உலக சுகாதார நிறுவனமே கையேடாக ஆக்கியது.

இனி, தாயாகிய உங்களால் மட்டுமே செய்ய முடிந்தவை. பிரசவ லேகியம், பூண்டுக் குழம்பு, வெந்நீர்க் குளியல் எல்லாம் இருக்கட்டும். அவற்றுக்கும் முன்னால் மகளின் உறக்கம். இரவில் ஒருமுறை பாலூட்டிய பிறகு குழந்தையை நீங்களோ மருமகனோ வாங்கிக்கொண்டு, அவள் தொடர்ச்சியாக நான்கைந்து மணி நேரம் உறங்க வழிசெய்யுங்கள். மருமகனை வெறும் விருந்தாளியாக வந்து போக விடாதீர்கள். இன்னொன்றையும் நேராகவே சொல்லிவிடுகிறேன். கோவாவில் தாய்மாரிடம் நடத்தி 2002இல் வெளியான ஆய்வு, பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வோடு வறுமையும் கணவனின் வன்முறையும் மட்டுமன்றி, ஆண் குழந்தையை எதிர்பார்த்த வீட்டில் பெண் பிறந்ததும் தொடர்புடையது என்று காட்டியது. உங்கள் முதல் பேரக்குழந்தை பெண்ணா ஆணா என்று நீங்கள் எழுதவில்லை. இரண்டாவது எதுவாயினும், பார்க்க வரும் அத்தைகளும் பெரியம்மாக்களும் வாசலிலேயே 'அடடா, மறுபடியும் பெண்ணா' என்று இழுக்காதபடி பார்த்துக்கொள்வது உங்கள் பொறுப்பு. கடுமையாகச் சொல்ல நேர்ந்தாலும் சொல்லுங்கள்.

கேள்வி: டெல்டா பகுதியில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் பணியாற்றுகிறேன். எங்கள் ஊரில் இரண்டு ஆண்டுகளில் மூன்று பேர் வயலுக்கு வாங்கி வைத்திருந்த பூச்சிமருந்தால் உயிரை மாய்த்துக்கொண்டார்கள். மருந்தைப் பூட்டி வைக்கச் சொல்லலாம் என்றால், 'சாக நினைப்பவன் எப்படியும் சாவான்' என்கிறார் எங்கள் தலைவர்.

பதில்: உங்கள் தலைவர் சொல்வதை நாட்டில் பாதிப் பேர் நம்புகிறார்கள். அது தவறு என்பதற்கு நம் அண்டை நாடே சான்று. இலங்கையில் 1995இல் தற்கொலை இலட்சம் பேருக்கு 47 என்ற அளவை எட்டியிருந்தது. உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளில் அதுவும் ஒன்று. அந்த ஆண்டிலும் அதற்குப் பின்னும் மிகக் கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சிக்கொல்லிகளை அந்நாட்டு அரசு ஒவ்வொன்றாகத் தடை செய்தது. இருபது ஆண்டுகளில் தற்கொலை மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியது. விளைச்சல் அதனால் குறையவும் இல்லை. அந்த மக்களின் கடன் தீர்ந்துவிட்டது என்றோ குடும்பச் சண்டைகள் ஓய்ந்துவிட்டன என்றோ இதற்குப் பொருளில்லை. உள்நாட்டுப் போரே அந்தக் காலத்தில்தான் உச்சத்தில் இருந்தது. சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலோருக்குச் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் நீடிக்கிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தொலைவில் கொல்லும் பொருள் இல்லாவிட்டால் மனிதன் பிழைத்துக்கொள்கிறான், பிழைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பிறகு தற்கொலையால் இறப்பதில்லை.

ஆனால் பூட்டு பற்றிய உங்கள் யோசனையில் ஒரு திருத்தம் தேவை. அதே இலங்கையில் நூற்றெண்பது கிராமங்களில் பாதி ஊர்களின் விவசாயிகளுக்குப் பூட்டக்கூடிய பெட்டிகளை வீட்டுக்கு வீடு கொடுத்துப் பார்த்தார்கள். 2017இல் வெளியான முடிவின்படி அதனால் பயன் விளையவில்லை. யோசித்தால் காரணம் புரியும்: பெட்டி வீட்டில் இருக்கிறது, சாவியும் வீட்டில் இருக்கிறது. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில் வேறொரு வழியை முயன்றார்கள். மருந்தை வீட்டுக்கே கொண்டுபோகாமல், ஊருக்குப் பொதுவான ஓர் இடத்தில் ஒவ்வொரு விவசாயிக்கும் ஒரு பெட்டி ஒதுக்கி அதில் வைத்துவிடுவது. தெளிக்கும் நாளில் வந்து எடுத்துப்போவது. சிறிய முயற்சிதான் என்றாலும் விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். உங்கள் சங்கத்தில் கிடங்கு இருக்கிறது, காலையில் திறந்து மாலையில் பூட்ட ஆள் இருக்கிறார். மருந்தை எடுக்க வருபவரின் முகத்தை இன்னொரு மனிதர் பார்ப்பார் என்பதே இம்முறையின் பெரிய வலிமை. அத்தோடு, அடுத்த தெளிப்புக்குத் தேவையான அளவை மட்டும் விற்பதும் மிச்சத்தைத் திரும்பப் பெறுவதும் சங்கத்தால் இயலும்.

2022ஆம் ஆண்டின் தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் தற்கொலையால் இறந்தோர் எண்ணிக்கையில் மகாராட்டிரத்துக்கு அடுத்த இடத்தில் இருப்பது தமிழ்நாடு. ஆகவே இதைச் சிறிய காரியம் என்று எண்ணாதீர்கள். ஒரு செய்தியை உங்கள் ஊரில் பரப்பவும் வேண்டும். தற்கொலைக்கு முயன்றவரைத் தண்டிக்கும் பழைய 309ஆம் பிரிவு, 2024 சூலை முதல் நடப்பிலிருக்கும் புதிய குற்றவியல் சட்டத்தில் இல்லை. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும் என்றும் அவருக்குச் சிகிச்சை அளிப்பது அரசின் கடமை என்றும் கூறுகிறது. போலீசுக்குப் பயந்து மருத்துவமனைக்குக் கொண்டுபோகத் தாமதித்து உயிர் போன கதை இனி ஒன்றுகூட இருக்க வேண்டாம்.

கேள்வி: தகவல் தொழில்நுட்ப நிறுவனத்தில் இரவுப் பணி. மூன்று ஆண்டுகளாகச் சரியான உறக்கம் இல்லை; இரண்டு பெக் போட்டால்தான் தூக்கம் வருகிறது. எனக்கு மனநோய் எதுவும் இல்லை. ஆனால் வந்துவிடுமோ என்று பயம்.

பதில்: உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. நீடித்த உறக்கமின்மை உள்ளவர்களுக்குப் பிற்காலத்தில் மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு. மது உறக்கத்தைக் கொண்டுவருவது போல் தோன்றும். இரண்டு மூன்று மணி நேரம் கழித்து அதே மது உறக்கத்தைக் கலைத்துவிடும். பிறகு இரண்டு மூன்றாகும், மூன்று நான்காகும். இன்றைக்கு நீங்கள் தடுக்க வேண்டியது மனச்சோர்வை மட்டும் அன்று, குடி நோயையும்தான். பல மாதங்களாக நாள்தோறும் குடிப்பவராயின் திடீரென்று நிறுத்தாமல் மருத்துவரின் மேற்பார்வையில் நிறுத்துங்கள். பகலில் உறங்கும் அறையைக் கறுப்புத் திரையிட்டு இருட்டாக்குவது, விடுமுறை நாளிலும் உறங்கும் நேரத்தை மிகுதியாக மாற்றாமல் இருப்பது, பணியின் பிற்பாதியில் காப்பியைத் தவிர்ப்பது ஆகியவை உதவும். உறக்கமின்மைக்கென்றே ஒரு பேச்சுவழிச் சிகிச்சை இருக்கிறது. அது மாத்திரையைவிட நீடித்த பயன் தரும். இவ்வளவுக்குப் பிறகும் உடம்பு இரவுப் பணிக்கு ஒத்துவரவில்லை என்றால் பணி நேரத்தை மாற்றக் கேளுங்கள். சிலருக்கு அது ஒத்துவருவதே இல்லை.

கேள்வி: வயது 67. என் தந்தை கடைசி ஐந்து ஆண்டுகள் எங்கள் பெயரையே மறந்திருந்தார். எனக்கும் அவ்வாறு நேருமோ? குறுக்கெழுத்துப் புதிர் போட்டால் ஞாபக மறதி நோய் வராது என்கிறார்களே?

பதில்: புதிர் போடுங்கள், தவறில்லை, ஆனால் அதற்கு முன் காதைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மறதி நோயைப் பற்றி 2024இல் வெளியான, லான்செட் மருத்துவ இதழ் அமைத்த ஆணையத்தின் அறிக்கை, மாற்றக்கூடிய பதினான்கு காரணங்களைச் சரிசெய்தால் உலகில் ஏறத்தாழ 45 சதவீத மறதி நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியலாம் என்கிறது. அவற்றில் முக்கியமான ஒன்று கவனிக்கப்படாத காது கேளாமை. கண்ணாடி அணிய வெட்கப்படாத நாம் காதுக் கருவிக்கு மட்டும் ஏனோ வெட்கப்படுகிறோம். காது கேளாதவர் மெல்லப் பேச்சிலிருந்து விலகுகிறார், பிறகு கூட்டத்திலிருந்து விலகுகிறார், கடைசியில் திண்ணையில் தனியே உட்கார்ந்துவிடுகிறார். அந்தத் தனிமையும் அதே பட்டியலில் இருக்கிறது. இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, புகைபிடித்தல், பார்வைக் குறை ஆகியவை மற்றவற்றுள் சில. நாள்தோறும் நண்பரோடு பேசிக்கொண்டே நடந்தால் இவற்றில் நான்கைந்துக்கு ஒரே நேரத்தில் மருந்தாகும்.

கேள்வி: என் அண்ணன் ஓராண்டாகத் தனியே பேசுகிறார். ஏர்வாடி தர்காவுக்கு அழைத்துப்போய்ச் சில மாதம் தங்கவைக்க வேண்டும் என்கிறார் அம்மா. நான் மருத்துவரிடம் போகலாம் என்கிறேன். வீட்டில் தினமும் சண்டை. எங்கே தொடங்குவது?

பதில்: அம்மாவோடு சண்டை வேண்டாம். அவருடைய நம்பிக்கையை எதிர்த்துப் பேசினால் அண்ணன் நடுவில் நின்றுவிடுவார். 'வேண்டுதல் இருக்கட்டும் அம்மா, அதோடு மாத்திரையும் சாப்பிடட்டும்' என்று சொல்லுங்கள். தொழுகைக்கும் மருந்துக்கும் பகையில்லை என்பதை ஏர்வாடியிலேயே இன்று காணலாம். அங்குத் தர்காவுக்கு வருவோருக்கு அரசு மனநல மருத்துவக் குழு சிகிச்சை அளிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. 2001 ஆகஸ்டு 6 அன்று அவ்வூரிலிருந்த ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் தப்ப வழியின்றி மாண்டார்கள். இன்றைய சட்டம் மனநோயாளியை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்கிறது. எங்கே அழைத்துப்போனாலும் அந்த ஒன்றில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

தொடங்க வேண்டிய இடம் உங்கள் மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனை. மாவட்ட மனநலத் திட்டத்தின் மனநல மருத்துவர் அங்கே இருப்பார். அவருடைய குழு குறிப்பிட்ட நாட்களில் வட்ட மருத்துவமனைகளுக்கும் வரும். சிகிச்சையும் மாத்திரையும் இலவசம். இதற்கெனக் கீழ்ப்பாக்கத்துக்குப் பயணம் செய்ய வேண்டியதில்லை. அண்ணன் வர மறுத்தால் நீங்கள் மட்டும் முதலில் போய் நடந்தவற்றைச் சொல்லுங்கள். அழைத்துவரும் வழியை அவர்களே கூறுவார்கள். அதற்கும் முன்னால் பேசிப் பார்க்க வேண்டுமெனில் 14416 என்ற, அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண்ணைத் தமிழிலேயே எந்நேரமும் அழைக்கலாம், கட்டணம் இல்லை. மனநலம் பற்றிய விவரங்களை நோயாளியின் இசைவின்றி வெளியிடுவதையும் சட்டம் தடுக்கிறது, ஆகையால் அண்ணனின் வேலையை எண்ணி அஞ்ச வேண்டாம். ஓராண்டு ஆகிவிட்டது என்கிறீர்கள். இந்த வாரமே போய்வாருங்கள்.